தொழிற்கூடமும் மாணாக்கர் பாதுகாப்பும்

பாடசாலை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன கரும்பலகையும் வாங்குகளும் புத்தகங்களுமே. கணக்கொன்றைப் பிழையாகச் செய்த மாணாக்கன் அதனை அழித்துவிட்டு மறுபடியும் செய்யலாம். கட்டுரையிற் பிழைவிட்டவன் சிவப்பு மைக்கோட்டோடு தப்பிவிடுவான். ஆனால் நம் பிள்ளைகளிற் பலர் இன்று கற்கும் வேறொரு வகுப்பறை உண்டு. அங்கே கரும்பலகைக்கு முன்னால் சுழலும் பொறிகளும், தீப்பொறி சிந்தும் சாணைச் சில்லுகளும், உருகிய இரும்பும் இருக்கின்றன. அங்கே நேர்ந்த பிழையை எப்பொழுதும் அழித்துத் திருத்த முடிவதில்லை. தொழினுட்பப் பாடசாலைகளிலும் கல்லூரிகளிலும் உள்ள அத்தகைய தொழிற்கூடங்களைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

இதனைப் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் வினவலாம். நான் வரலாறும் இலக்கியமும் கற்ற கலைப் பட்டதாரி. கடைச்சற்பொறி ஒன்றை இயக்க இன்றும் எனக்குத் தெரியாது. தொழிற்கூடத்தினுள் நான் நுழையும்போதெல்லாம், “ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ” என்று மாணாக்கரே என்னை விலக்கி நிறுத்துவர். அப்படித் தள்ளி நின்று பல ஆண்டுகளாகப் பார்த்து வந்தவன் என்பதே என் தகுதி. வேலையில் ஆழ்ந்திருப்பவன் காணாத சிலவற்றைத் தள்ளி நிற்பவன் காண்பதுண்டு.

நமது நாட்டிற் கைத்தொழிற் கல்வி புதியதொன்றன்று. கொழும்பு மருதானையில் அரசினர் தொழினுட்பப் பாடசாலை தொடங்கப்பெற்றது 1893 ஆம் ஆண்டில். 1972 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்போது தொழில்முன்னிலைப் பாடங்கள் சாதாரண பாடசாலைகளுக்கும் வந்தன. 2013 ஆம் ஆண்டில் உயர்தர வகுப்புக்களில் தொழினுட்பவியற் பிரிவு தொடங்கிய பின்னர், முன்னர் பொறியின் ஓசையையே கேட்டறியாத பாடசாலைகளிலும் தொழிற்கூடங்கள் எழுந்தன. ஆண்பிள்ளைகள் மட்டுமன்றிப் பெண்பிள்ளைகளும் அங்கு கற்கின்றனர். இவையாவும் மகிழ்தற்குரியனவே. பொறிகள் வந்த வேகத்தில் அவற்றோடு பழகும் முறைமையும் வந்ததா என்பதுதான் கேள்வி.

தொழிற்கூடத்தில் ஒரு மாணாக்கனுக்குக் காயம் நேர்ந்தால் நாம் வழக்கமாகச் சொல்லும் சொற்கள் மூன்று. ஆசிரியர் “கவலையீனம்” என்பார். அயலார் “விளையாட்டுப் புத்தி” என்பர். பிள்ளையின் பாட்டியார் “விதி” என்பார். மூன்று சொற்களும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன; அவை விசாரணையை அந்த இடத்திலேயே முடித்து வைக்கின்றன. பிள்ளை கவலையீனமாக இருந்தான் என்று தீர்த்துவிட்டால், பொறிக்குக் காப்பு இருந்ததா, வெளிச்சம் போதுமானதா, அந்த வேளையில் அந்தப் பொறியைச் சுற்றி எத்தனை பேர் நின்றனர் என்ற வினாக்களுக்கு இடமே இல்லாமற் போகின்றது. பதினேழு வயதுப் பிள்ளை ஒருநாளில் ஒரு கணமேனும் கவனம் சிதறாதிருப்பான் என்று எதிர்பார்ப்பது பேதைமை. கவனம் சிதறும் அந்தக் கணத்திலும் அவனுடைய விரல் விரலாகவே இருக்கும்படி கூடத்தை அமைத்து வைப்பது பெரியவர்களின் கடமை.

கடைச்சற்பொறியை எடுத்துக்கொள்வோம். இரும்புக் கோலை இறுகப் பற்றிச் சுழற்றி, கூரிய உளியால் அதனைச் சீவும் பொறி அது. ஐந்து சதமமீற்றர் தடிப்புள்ள கோல் ஒன்று நிமிடத்துக்கு 600 தரம் சுழல்கின்றது என்று கொள்வோம். இது பெரிய வேகமன்று. விநாடிக்குப் பத்துச் சுற்று. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 16 சதமமீற்றர் துணியை அது தன்மேற் சுற்றிக்கொள்ளும். ஆபத்தைக் கண்டு, மூளை அதனை உணர்ந்து, கை பின்வாங்குவதற்குக் கால் விநாடியேனும் செல்லும். அதற்குள் 40 சதமமீற்றர் உள்ளே போய்விடும். நம் பழைய கணக்கிற் சொன்னால் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. சட்டைக் கையின் நுனி அகப்பட்டால், கையை இழுக்க வேண்டும் என்று அவன் எண்ணி முடிப்பதற்குள் முழங்கை பொறியை அடைந்துவிடும். “நான் கவனமாக இருப்பேன், ஐயா” என்று சொல்லும் பிள்ளைக்கு நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வதுண்டு. வீரமோ விரைவோ அங்கே உதவாது.

இதனாலேயே தளர்ந்த உடையும் தொங்கும் பொருளும் சுழலும் பொறியின் அருகே ஆகா என்கின்றனர். நமது பாடசாலைச் சீருடையை ஒருகணம் எண்ணிப் பாருங்கள். கழுத்துப்பட்டி தொங்குகின்றது. பெண்பிள்ளைகளின் இரட்டைப் பின்னலும் நாடாவும் முன்னே விழுகின்றன. துளையிடும் பொறியின்மேற் குனிந்து பார்க்கும் மாணவிக்கு இதனைவிட ஆபத்தான கோலம் இல்லை. வகுப்பறைக்கு அழகாக அமைந்தது தொழிற்கூடத்திற்குப் பொருந்தாது. கழுத்துப்பட்டியை வாயிலிலேயே கழற்றி வைத்து, கூந்தலை முடிந்து தொப்பிக்குள் அடக்கிய பின்னரே உள்ளே வருதல் வேண்டும். கையுறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கையுறை அணிந்தாற் கை காக்கப்படும் என்று பெற்றார் பலர் கருதுகின்றனர். சூடான இரும்பைத் தூக்கும்போது அது மெய்யே. கடைச்சற்பொறியிலும் துளைபொறியிலும் அதுவே கையை உள்ளே இழுத்துச் செல்லும் கயிறாகிவிடும்.

கோயிலிற் கட்டிய காப்புநூலை என்ன செய்வது? இது சிறிய கேள்வியன்று. “அம்மா கட்டியது” என்று சொல்லும் பிள்ளையின் கையிலிருந்து நூலை அறுக்கும்படி எந்த ஆசிரியரும் கேட்க மாட்டார், கேட்கவும் வேண்டாம். இப்பொழுது கட்டப்படுவனவற்றிற் பல பருத்தி நூலல்ல, எளிதில் அறாத நைலோன் கயிறு. மணிக்கட்டிலிருப்பதை மேற்புயத்துக்கு ஏற்றி, சட்டைக்குள் மறையக் கட்டும்படி தாயாரிடமே சொல்லலாம். நான் அவ்வாறு சொல்லிய தாய்மாரில் எவரும் மறுத்ததில்லை. மோதிரம் மட்டும் கழன்றே ஆகவேண்டும்.

வளர்ந்த நாடுகளில் இத்தகைய விபத்துக்கள் நேர்வதில்லை என்று எண்ணிவிட வேண்டாம். 2011 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அமெரிக்காவின் புகழ்பெற்ற யேல் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு மாணவி ஒருவர் இரவு வேளையில் தொழிற்கூடத்திலே தனித்து வேலை செய்துகொண்டிருந்தார். கடைச்சற்பொறியில் அவரது கூந்தல் சிக்கியது. அவர் உயிர் துறந்தார். பொறியை நிறுத்த அருகில் எவரும் இருக்கவில்லை. அந்நாட்டின் தொழிற் பாதுகாப்பு நிருவாகம் அவ்விடத்தை ஆராய்ந்தது. பொறி 1962 இற் செய்யப்பட்டது என்றும், அதற்குக் காப்புகள் இருக்கவில்லை என்றும், ஆபத்து வேளையில் உடனே நிறுத்தும் விசை எட்டும் இடத்தில் இருக்கவில்லை என்றும் அது எழுதியது. பல்கலைக்கழகம் அக்கூற்றை ஏற்கவில்லை. ஆனால் என் மனத்தை உறுத்தியது வேறொன்று. நிருவாகம் தண்டனை எதுவும் விதிக்கவில்லை. விதிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றது. ஏனெனில் இறந்தவர் மாணவி, ஊழியர் அல்லர். அதே பொறியிற் கூலிக்கு வேலை செய்த ஒருவர் இறந்திருந்தால் அந்தச் சட்டம் அவருக்குப் பொருந்தியிருக்கும்.

தொழிற் பாதுகாப்புச் சட்டங்களின் வரலாறு நெடுகிலும் இந்த இடைவெளியைக் காணலாம். இங்கிலாந்திலே 1844 ஆம் ஆண்டுச் சட்டம் ஆலைப் பொறிகளுக்கு வேலியிட வேண்டும் என்றது. ஓடும் பொறியைச் சிறுவரைக்கொண்டு துடைப்பிக்கக் கூடாது என்றும் அது விதித்தது. நமது நாட்டில் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் பொறிகளின் ஆபத்தான பாகங்களுக்குக் காப்பிடும்படி பணிக்கின்றது. இவையெல்லாம் கூலிக்கு உழைப்பவனை மனத்திற்கொண்டு எழுந்த சட்டங்கள். மாணாக்கன் கூலி பெறுவதில்லை. ஆனால் அவன் தொழிலாளியிலும் இளையவன், அனுபவம் குறைந்தவன், “இந்தப் பொறியில் வேலை செய்ய மாட்டேன்” என்று ஆசிரியரிடம் சொல்லத் துணியாதவன். சட்டத்தின் கை எட்டத் தயங்கும் இடத்தில் அதிபரும் ஆசிரியரும்தாம் அவனுக்குச் சட்டமாக இருத்தல் வேண்டும்.

இனிச் சாணைப்பொறி. இதனைப் பொறி என்றே மதியாது, கத்தி தீட்டும் கல்லாக எண்ணி அணுகுவோர் பலர். இருபது சதமமீற்றர் விட்டமுள்ள சில்லு நிமிடத்துக்கு 2900 தரம் சுழலும்போது, அதன் விளிம்பு மணிக்கு நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகின்றது. நமது அதிவேக நெடுஞ்சாலையில் மோட்டார் வண்டிக்கு விதிக்கப்பட்ட எல்லையே மணிக்கு நூறு கிலோமீற்றர்தான். அந்த வேகத்திற் கற்சில்லு உடைந்தால் அதன் துண்டுகள் எறிகுண்டுகளாகவே பறக்கும். சில்லைப் பூட்டுமுன் அதனை ஒரு விரலில் அல்லது கோலிலே தொங்கவிட்டு, மரப்பிடியால் மெல்லத் தட்டிப் பார்த்தல் வேண்டும். நல்ல சில்லு கணீரென்று ஒலிக்கும். வெடித்தது மந்தமாக ஒலிக்கும். சந்தையில் மண்பானை வாங்கும் நம் தாய்மார் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பதும் இதற்காகவே அன்றோ? ஒரு பானைக்கு அவர்கள் செய்யும் சோதனையை, பிள்ளையின் முகத்துக்கு நேரே சுழலப்போகும் கல்லுக்கு நாம் செய்யாது விடலாகாது. சில்லுக்கும் பொருளைத் தாங்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி மூன்று மில்லிமீற்றரை மிஞ்சக்கூடாது. கல் தேயத் தேய இடைவெளி தானே அகலும். தட்டை யாரும் நகர்த்துவதில்லை. ஒருநாள் பொருளும் அதனோடு விரலும் அந்த இடைவெளிக்குள் இழுபடும்.

மின்சாரத்தைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை; வீட்டிலும் அது உண்டு. செருகி இல்லாத கம்பியின் நுனிகளைத் துளைகளில் நுழைத்துத் தீக்குச்சியால் இறுக்கும் வழக்கம் மட்டும் தொழிற்கூடத்தினுள் ஒருநாளும் நுழைதல் ஆகாது. நமது மின்சாரம் 230 வோற்று. முப்பது மில்லி அம்பியர் கசிந்தவுடனே துண்டிக்கும் காப்பு ஆளி இல்லாத தொழிற்கூடத்தைத் திறவாமல் வைத்திருப்பதே நன்று. இன்னுமொன்று. 2022 ஆம் ஆண்டில் நாம் பட்ட மின்வெட்டு எவருக்கும் மறந்திராது. மின்சாரம் நின்றதும் பொறியும் நிற்கின்றது. மாணாக்கன் சாவகாசமாகக் கையை உள்ளே விட்டுச் சீவல்களை அள்ளுகின்றான். பொறியின் ஆளி இயங்கும் நிலையிலேயே இருக்கின்றது. மின்சாரம் மீண்டு வந்தால் என்னாகும்? மின்சாரம் போனவுடன் தானே விடுபட்டு, மறுபடி அழுத்தினாலன்றி இயங்காத ஆளிகள் உண்டு. அவற்றையே எல்லாப் பொறிகளுக்கும் பொருத்துதல் வேண்டும். பழைய பொறிகளை அன்பளிப்பாகப் பெறும் பாடசாலைகள் முதலிற் பார்க்கவேண்டியது அதன் வண்ணப்பூச்சையன்று, இந்த ஆளியையே.

நேயர்களே, இதுவரை சொன்னவை பொறிகளைப் பற்றியவை. இவற்றைச் செம்மை செய்யப் பணம் வேண்டும். பணம் வரச் சில காலம் செல்லும். பணம் வேண்டாத, ஆயினும் மிகக் கடினமான காரியம் ஒன்று உண்டு. அது மாணாக்கனை வாய் திறக்கச் செய்வது.

மின்வில்லால் இரும்பை ஒட்டும் வேலையை எண்ணுங்கள். ஒட்டுபவன் கறுப்புக் கண்ணாடி பதித்த முகமூடி அணிந்திருக்கின்றான். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவன் அணியவில்லை. அப்பொழுது அவனுக்கு ஒன்றும் தெரிவதில்லை. சில மணி நேரஞ் சென்று, நள்ளிரவில் இரு கண்களிலும் மணலை வாரி இறைத்தாற்போல நோவு தொடங்குகின்றது. வீட்டார் அஞ்சுகின்றனர். உருளைக்கிழங்கை அரிந்து வைப்பவர் உண்டு. தாய்ப்பால் விடுபவரும் உண்டு. காலையில் அவனைக் கண் வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். ஆனால் அவன் என்ன சொல்கின்றான்? “தூசு விழுந்தது” என்கின்றான். உண்மையைச் சொன்னால், “நீ ஏன் அங்கே நின்றாய்?” என்று ஆசிரியர் ஏசுவார், தந்தையார் பாடத்தையே நிறுத்திவிடுவார். ஆகவே அவன் மறைக்கின்றான். ஒட்டும் இடத்தைச் சுற்றி ஒரு மறைப்புத் திரை வேண்டும் என்பது அந்தப் பாடசாலைக்குத் தெரியாமலே போகின்றது. மறுவாரம் வேறொருவன் அதே இடத்தில் நின்று பார்க்கின்றான்.

சிறு காயத்துக்குத் தண்டனை கொடுக்கும் பாடசாலை, பெருங்காயத்தின் முன்னறிவிப்பைத் தன் கையாலேயே கிழித்தெறிகின்றது. நான் பணியாற்றிய ஒரு பாடசாலையில் தொழிற்கூட வாயிலில் ஒரு கொப்பியைத் தொங்கவிட்டோம். காயங்களை எழுதுவதற்கன்று, தப்பியவற்றை எழுதுவதற்கு. பெயர் எழுத வேண்டியதில்லை. எழுதியதற்காக எவருக்கும் ஏச்சில்லை என்று காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். முதல் இரண்டு கிழமைகள் பக்கம் வெறுமையாகவே கிடந்தது. பிள்ளைகள் எங்களை நம்பவில்லை. நம்புவதற்கு நாங்கள் முன்னர் காரணம் எதுவும் கொடுத்ததுமில்லை. பின்னர் ஒருவன் எழுதினான்: “சக்கில் சாவியை விட்டிட்டு மெசினைப் போட்டன். சாவி பறந்து சுவரில் பட்டது. ஆக்களுக்கு ஒன்றுமில்லை.” அந்தச் சாவி இரும்பினாலானது, சுவரில் அது பட்ட இடம் ஒரு பிள்ளையின் நெற்றி உயரம். அன்றே ஆசிரியர் ஒரு விதி செய்தார்: சாவி சக்கினுள் இருக்கும்வரை கை சாவியைவிட்டு நீங்கக் கூடாது. அந்த விதியை எந்தப் புத்தகத்திலிருந்தும் நான் கொண்டுவந்து திணித்திருந்தால் அது சுவரொட்டியாகவே நின்றிருக்கும். கொப்பியிலிருந்து பிறந்தபடியால் மாணாக்கரே ஒருவரையொருவர் திருத்தினர்.

கொப்பியைப் படிக்கப் படிக்க வேறொன்றும் தெரிந்தது. தப்பியவற்றிற் பல, பாடம் முடியுந் தறுவாயில், கூட்டித் துடைக்கும் வேளையில் நேர்ந்தன. மணியடிக்கப் போகின்றது, வாகனம் போய்விடும், பொறி நிற்குமுன்னே கையாற் சீவலைப் பறிக்கின்றான். 1844 இல் ஆங்கிலேயர் ஏட்டில் எழுதிய அதே ஆபத்து! பாட நேரத்தில் இறுதிப் பதினைந்து நிமிடத்தைத் துப்புரவுக்கென்றே ஒதுக்கி, தலைமை ஆளியை அணைத்துவிட்டுத் தூரிகையால் மட்டும் துடைப்பது என்று மாற்றினோம். இதற்கு ஒரு சதமும் செலவாகவில்லை.

ஆட்தொகையையும் சொல்ல வேண்டும். ஓர் ஆசிரியர், நாற்பது மாணாக்கர், நான்கு பொறிகள் என்றால், முப்பத்தாறு பேர் சும்மா நிற்கின்றனர். சும்மா நிற்கும் இளைஞர் சும்மா நிற்பாரா? அமுக்கக் காற்றுக் குழாயை எடுத்து நண்பனின் உடம்பில் ஊதி விளையாடுவர். அது விளையாட்டன்று; அக்காற்று உடம்பினுள் புகுந்து குடலைக் கிழித்த சம்பவங்கள் உலகில் உண்டு. வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வரைதலுக்கு அனுப்ப ஆசிரியர் கேட்டால், நேரசூசி குழம்புகின்றது என்று அதிபர்மார் முகஞ் சுளிக்கக் கூடாது. நேரசூசி நாம் செய்தது, மறுபடியும் செய்யலாம்.

எச்சரிக்கைப் பலகைகளைப் பற்றி, மொழி படித்தவன் என்ற முறையில் ஒரு சொல். பொறிகள் யப்பானிலிருந்தும் சீனாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருகின்றன. எச்சரிக்கையும் அம்மொழிகளிலேயே வருகின்றது. தமிழிற் கற்கும் பிள்ளைக்கு அது வெறும் சித்திரம். நமது அரசகரும மொழித் துறையினர் 1950களிலும் 1960களிலும் கலைச்சொற்றொகுதிகளைத் தேடித் தொகுத்து வெளியிட்டனர். அவர்களுக்கு நாம் கடமைப்பட்டவர்கள். எனினும் பரீட்சைத் தாளில் எழுதும் சொல் வேறு, ஆபத்தில் உதவும் சொல் வேறு. “இயந்திரம் இயங்குகையில் அணுகற்க” என்று நான் அழகாக எழுதிக் கொடுத்த பலகையைப் பார்த்து, தொழிற்கூட உதவியாளர் ஒருவர் சிரித்தார். “ஐயா, இதை வாசிச்சு முடிக்கக் கை போயிடும்” என்றார். அவர் சொன்னபடி “ஓடேக்க தொடாதை” என்று பெரிய எழுத்தில் எழுதி மாட்டினோம். இலக்கணம் என்னை மன்னிக்கும்.

பெற்றாருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையைச் சேர்க்க வரும்போது சித்தி வீதத்தைக் கேட்கின்றீர்கள். தொழிற்கூடத்தையும் காட்டும்படி கேளுங்கள். அங்கே ஆபத்து வேளையில் அழுத்தும் சிவப்பு விசை எங்கே என்று உங்கள் பிள்ளையிடமல்ல, அங்கே நிற்கும் வேறொரு மாணாக்கனிடம் கேளுங்கள். அவன் உடனே கையை நீட்டிக் காட்டினால் நல்லது. அவன் ஆசிரியரின் முகத்தைப் பார்த்தால், நீங்களும் அவருடைய முகத்தைப் பாருங்கள். காலையில் ஒன்றும் உண்ணாது பிள்ளையைத் தொழிற்கூடப் பாடமுள்ள நாளில் அனுப்பாதீர்கள். இறப்பர்ச் செருப்போடும் அனுப்பாதீர்கள்.

கடைசியாக முதலுதவிப் பெட்டி. எல்லாப் பாடசாலையிலும் அது உண்டு; பரிசோதனைக்கு வருபவர் கேட்பார் என்பதற்காகவேனும் உண்டு. பெட்டி பூட்டியிருக்கும். திறப்பு அதிபரின் மேசை இலாச்சியில் இருக்கும். அதிபர் வலயக் கல்வி அலுவலகத்திற் கூட்டத்துக்குப் போயிருப்பார். சுட்ட காயத்துக்கு மருந்து தேடி ஓடும் பிள்ளைகள் பற்பசையைப் பூசிவிடுவர். பற்பசை வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். குழாயைத் திறந்து, ஓடும் குளிர்ந்த நீரின் கீழ் இருபது நிமிடம் காயத்தைப் பிடித்தல் வேண்டும். கண்ணிற் குத்தி நிற்கும் துணுக்கைப் பிடுங்கக் கூடாது. கண்ணைத் தேய்க்காமல் மூடி, வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். 1990 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியிற் பேசினால் நோயாளர் வண்டி கட்டணமின்றி வரும். அந்த இலக்கத்தைப் பெட்டியின் மூடியிலேயே எழுதி வையுங்கள். திறப்பைப் பெட்டியின் பக்கத்தில் ஓர் ஆணியில் மாட்டிவிடுங்கள். பஞ்சும் பிளாத்திரியும் சில களவு போகும். போகட்டும், அடுத்த மாதம் வேறு வாங்கலாம்.